ஏழாம் நாளில் இன்னொருவன்

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் ஆசீர் தன் வருகைப்பதிவுக் கார்டைப் பகலவனிடம் கொடுத்தான். பகலவன் அதைப் பார்க்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எட்டு மாதமாக அப்படித்தான்.

ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் தொழிற்சாலை. காலை ஆறு முதல் இரண்டரை வரை ஒரு ஷிஃப்ட், இரண்டரை முதல் பதினொன்று வரை அடுத்தது. இருவரும் நான்காம் நம்பர் பிரஸ்ஸில் நின்றார்கள். ஒருவன் போகும்போது மற்றவன் வருவான். ஆசீருக்குக் காலை, பகலவனுக்கு மாலை.

ஆசீர் நாசரேத்துப் பக்கத்து ஊர்க்காரன். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் சபையில் பிறந்தவன். வெள்ளி மாலை சூரியன் மறைந்தது முதல் சனி மாலை சூரியன் மறையும்வரை அடுப்பு பற்றவைக்க மாட்டான். காசைத் தொட மாட்டான். பிளஸ் டூவில் ஒரு பரீட்சை சனிக்கிழமை வந்தது. அவன் எழுதவில்லை. ஒரு வருடம் தள்ளிப்போனது.

தொழிற்சாலைக்கு ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு ஞாயிறு வேலை செய்கிறேன் என்று கேட்டுப் பார்த்தான். ஒருவனுக்காகச் சார்ட்டை மாற்ற முடியாது என்றார்கள்.

வழி சொன்னது பகலவன். பிள்ளைப்பாக்கத்துக்காரன். அப்பா கறுப்புச் சட்டைக்காரர். மகனுக்குச் சாமி பெயர் வைக்கவில்லை. இப்போது அவருக்கு நுரையீரலில் நோய். புதன்கிழமைதோறும் சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும்.

"சனிக்கெழம உன் கார்டை நான் தேய்க்கிறேன். புதங்கெழம என் கார்டை நீ தேய். லைனுக்கு ஆள் வந்தா போதும். எந்த ஆளுன்னு பிரஸ்ஸுக்கா தெரியப் போவுது?"

அப்படி, சனிக்கிழமைகளில் பகலவன் இரண்டு ஷிஃப்ட்டும் நின்றான். ஒன்றில் ஆசீராக, இன்னொன்றில் பகலவனாக. புதன்கிழமைகளில் ஆசீர் அதேபோல நின்றான். சூப்பர்வைசர் இராமச்சந்திரனுக்குத் தெரியும். எண்ணிக்கை சரியாக வந்ததால் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும், கார்டில் ஒட்டியிருந்த ஆசீரின் மழுங்கச் சிரைத்த முகத்தைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை ஆனா உனக்கு மீசை மொளைச்சிடுது ஆசீர்" என்றார்.

பகலவனுக்குப் பெரிய மீசை.

கேண்டீனில் டீ நேரத்தில் பகலவன் ஒருநாள் ஆரம்பித்தான்.

"ஆசீரு, ஒரு டவுட்டு."

"கேளு."

"உங்க சாமி ஆறு நாள் வேல செஞ்சாரு. ஏழாவது நாள் ரெஸ்டு. கரெக்டா?"

"ஆமா."

"அன்னிக்கு அவரு கார்டை யாரு தேய்ச்சாங்க?"

மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஆசீரும் சிரித்தான்.

"யோசிச்சுச் சொல்லுதேன்."

"யோசி, யோசி. அவசரம் இல்ல. அடுத்த சனிக்கெழமயும் நாந்தான்."

இந்த வெள்ளிக்கிழமை பகலவனின் கண்கள் சிவந்திருந்தன.

"தூங்கினியா?" என்றான் ஆசீர்.

"எங்க? நைனாவுக்கு இழுத்துகினே கீது. ஒக்கார வச்சா தூங்குறாரு, படுக்க வச்சா முழிச்சிக்கிறாரு."

"ஞாயித்துக்கிழமை தூங்கு."

"சண்டே டை பாலிஷ் கீதுப்பா. ஓ.டி. எழுதிட்டாங்க."

பிரஸ்ஸின் அச்சுகளைத் தேய்த்து மெருகேற்றும் அந்த வேலைக்கு எல்லா ஞாயிறும் அவன் போகிறான் என்பது ஆசீருக்குத் தெரியும். மேலே கேட்கவில்லை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. சூரியன் மறைவதற்குள் சமைக்க வேண்டும். அவன் ஓடினான்.

பிள்ளைப்பாக்கத்தில் அவன் வாடகை அறை. மறுநாளுக்கும் சேர்த்துச் சோறு வடித்தான். புளிக்குழம்பு வைத்தான். துணி துவைத்து, அறையைப் பெருக்கி, குளித்தான். பர்ஸையும் பேனாவையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் இறங்கும்போது கதவோரம் உட்கார்ந்தான். வாரத்தில் அவனுக்குப் பிடித்த நேரம் அது. செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

பகலவன் அப்போது பிரஸ் முன்னால் நின்றுகொண்டிருந்தான். பதினொன்றுக்கு முடித்து, வீட்டுக்கு வந்து, காலை ஆறுக்குத் திரும்பவும் போக வேண்டும்.

சனிக்கிழமை ஆராதனை ஞானம்மாவின் வீட்டில் நடக்கும். ஞானம்மா ஆறு நாள் இட்லிக் கடை வைத்திருப்பவர். ஏழாம் நாள் இட்லிப் பாத்திரங்களை மூலையில் கவிழ்த்துவிட்டு அதே கூடத்தில் பாய் விரிப்பார். ஏழெட்டுப் பேர் வருவார்கள். அன்று பாடம் எடுக்க வேண்டியது ஆசீர்.

அவன் உலகம் உண்டான கதையை எடுத்தான்.

"ஆறு நாளுக்கும் முடிவு சொல்லியிருக்கு. சாயங்காலம் வருது, விடியுது, அந்த நாள் முடிஞ்சுது. ஏழாம் நாளுக்கு மட்டும் அப்படி ஒரு வரி கிடையாது. பாருங்க. அந்த நாளை மூடலை."

எல்லாரும் வேதத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

"மனுஷனை உண்டாக்கினது ஆறாம் நாள். மறுநாளே ஓய்வு. அவன் பார்த்த முதல் முழு நாள் அதுதான். அதுவரைக்கும் அவன் ஒரு வேலையும் செய்யலை."

"ஒரு வேலையும் செய்யாதவனுக்கு எதுக்குத் தம்பி ஓய்வு?" என்றார் ஞானம்மா.

"அதான்க்கா. ஓய்வு கூலி இல்லை. வேலை செஞ்சதுக்குக் கொடுத்தது இல்லை. சும்மா கொடுத்தது."

"சும்மா கொடுத்ததுன்னா எல்லாருக்கும் கொடுத்திருக்கணுமே."

"எல்லாருக்கும்தான். பின்னால கட்டளையா வரும்போது தெளிவா வருது. வேலைக்காரனுக்கு உண்டு. மாட்டுக்கு உண்டு. வாசலுக்குள்ள இருக்கிற அந்நியனுக்கும்..."

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

இராமச்சந்திரன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டிருந்தார். ஆசீர் வெளியே வந்தான்.

"கார்டு எங்க?"

"எந்த கார்டு சார்?"

"உன் கார்டு. உங்கிட்ட குடுத்தனுப்பினானா?"

"நேத்து நான்தான் அவன்ட்ட கொடுத்தேன். ஏன் சார்? அவன் எங்க?"

இராமச்சந்திரன் கூடத்தைப் பார்த்தார். பாயில் இருந்தவர்கள் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார்.

"கை மாட்டிக்கிச்சு. ஒம்பதே முக்காலுக்கு."

"எந்தக் கை?"

"ரைட்டு. மூணு விரல் போச்சு. நாலாவும் இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர்ல நர்சிங் ஹோம்ல சேர்த்திருக்கு. ஆபரேஷன் நடக்குது."

ஆசீர் தன் வலது கையைப் பார்த்தான்.

"கேளு. கம்ப்யூட்டர்படி காலைல மெஷின்ல நின்னவன் நீ. பகலவனுக்கு ரெண்டரைக்குத்தான் டூட்டி. அவன் காலைல கடைக்குப் போறப்ப பைக்ல விழுந்துட்டான். கொண்டுபோன வேன் டிரைவரை அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கேன். கம்பெனி பார்த்துக்கும்."

"வேலையில பட்ட அடின்னு எழுதினாத்தான சார் ஈ.எஸ்.ஐ.யில காலம் பூரா உதவி வரும்? ரோட்டுல பட்டதுன்னா வராதே."

"எனக்குத் தெரியாதா? வேலையில பட்டதுன்னா யார் பேர்ல நின்னான்னு கேப்பான். ரெண்டு பேருக்கும் வேலை போகும். எனக்கும் போகும். அவனுக்குக் கையும் போயி வேலையும் போகணுமா? அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு. எழுதினவன் நான்."

இராமச்சந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கார்டு மட்டும் கெடைக்கணும். ரெண்டரைக்கு நான் தேய்ச்சு உன்னை வெளிய அனுப்பிட்டா முடிஞ்சுது. இல்லன்னா நீ உள்ளயே இருக்கறதா காட்டும்."

"நான் என்ன செய்யணும் சார்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். இன்னிக்கு உனக்கு ரெஸ்டுதான? ரெஸ்டா இரு. வெளிய சுத்தாத. உங்க வேதத்துலயும் அதான போட்டிருக்கு?"

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஆசீர் உள்ளே வந்து நடந்ததைச் சொன்னான். கார்டு விஷயத்தையும் சொன்னான். சபையில் யாருக்கும் அது தெரியாது. சனிக்கிழமை அவனுக்கு விடுமுறை கிடைத்துவிட்டது என்று எட்டு மாதம் முன்பு எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லியிருந்தார்கள்.



"ஜெபம் பண்ணுவோம்" என்றார் ஞானம்மா. "சூரியன் இறங்கட்டும் தம்பி. அப்புறம் போய்ப் பாரு. ஆபரேஷன் நடக்கிற இடத்துல நீ போய் இப்ப என்ன செய்யப் போற?"

முழங்காலிட்டார்கள். ஞானம்மா பகலவனுக்காக வேண்டிக்கொண்டார். பெயர் தடுமாறியது. ஆசீர் கண்ணை மூடினான். செய்ய வேண்டியது எதுவும் இல்லை. நேற்று மாலை கதவோரம் உட்கார்ந்திருந்ததும் இப்படித்தான்.

அன்னிக்கு அவரு கார்டை யாரு தேய்ச்சாங்க?

யோசித்துச் சொல்கிறேன் என்றவன் யோசிக்கவே இல்லை. பதில் அவன் மடியில் திறந்திருந்த பக்கத்திலேயே இருந்தது. அந்த நாளில் அவருக்குப் பதில் யாரும் நிற்கவில்லை. எல்லாம் நின்றுவிட்டிருந்தது.

ஆமென் சொல்வதற்கு முன் அவன் எழுந்தான்.

"தம்பி" என்றார் ஞானம்மா.

"வாரேன்க்கா."

பஸ் வந்தது. ஏறப் போனவனுக்குப் பர்ஸ் பெட்டிக்குள் பூட்டியிருப்பது நினைவுக்கு வந்தது. பஸ் போனது. ஷேர் ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து மெதுவாகியது.

"பெரும்புதூரா? ஏறு."

"காசு எடுத்துட்டு வரலை."

ஆட்டோக்காரன் அவனுடைய இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையையும் கையில் இருந்த தடித்த புத்தகத்தையும் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். ஆசீர் நடந்தான். வெயில் நேராக இருந்தது. இரண்டு பக்கமும் சுற்றுச்சுவர் எழுப்பிய காலி மனைகள். நிழல் இல்லை. எட்டு மாதத்தில் எத்தனை சனிக்கிழமை என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்து நிறுத்தினான்.

நர்சிங் ஹோமை அடையும்போது சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே முக்கால். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் பகலவனின் மனைவி சத்யப்பிரியா உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் பை. அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"பைக்ல விழுந்துட்டாருன்னு சொல்றாங்கண்ணா" என்றாள். "பைக்கு வூட்ல நிக்குது. காலைல கம்பெனி பஸ்ல போனாரு. நாந்தான் எழுப்பி வுட்டேன். எழுந்துக்கவே முடியல. மூஞ்சில தண்ணி அடிச்சு எழுப்புனேன்."

ஆசீர் நின்றுகொண்டே இருந்தான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கட்ட வெரலு நிக்குமாம். மத்தது இல்லியாம்."

அவள் பையைத் திறந்தாள். உள்ளே பகலவனின் சட்டை சுருட்டி வைத்திருந்தது. அதற்கு மேலே ஒரு கைக்கடிகாரம், ஆசீரின் கார்டு.

"பாக்கெட்ல இருந்துச்சு. உங்களுதுதான? எட்துகினு போங்க. அந்த சாரு ரெண்டு வாட்டி வந்து கார்டு கீதா கார்டு கீதான்னு கேட்டாரு. ஏன் கேக்குறாருன்னு பிரில. இல்லன்னுட்டேன்."

ஆசீர் அதை வாங்கினான். தன் முகம். ஓரத்தில் காய்ந்த ரத்தம். இரண்டரைக்குள் இராமச்சந்திரன் கையில் கொடுத்தால் போதும். கொடுக்கக்கூட வேண்டாம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாலே போதும்.

அவன் அவளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"பிரியா, கேளு. இந்தக் கார்டு சொல்லுதபடி இன்னைக்குக் காலைல அங்க நின்னது நான். இதை நான் கொண்டு போயிட்டா பகலவன் அங்க இல்லை. ரோட்டுல விழுந்தவன்தான்."

"கொண்டு போவலன்னா?"

"அவன் அங்க இருந்தான்னு சொல்லலாம். வேலையில பட்டதுன்னு எழுத வைக்கலாம். ஆனா ஆள் மாறி நின்னதுக்கு ரெண்டு பேருக்கும் வேலை போகும்னு சார் சொல்லுதாரு. கம்பெனியே பார்த்துக்கிடும்னும் சொல்லுதாரு."

"எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்ல."

"வெரல் இல்லாதவருக்கு இன்னாண்ணா வேல குடுக்கப் போறாங்க, போறதுக்கு?"

அவள் தியேட்டர் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எட்டு மாசமா நீங்க சாமி கும்ட்டீங்க. இவரு நின்னாரு. அது சரி, புதங்கெழம நீங்க நின்னீங்க. ஆனா புதங்கெழம இவரு படுத்தாரா? மாமாவ தூக்கிகினு பெரியாஸ்பத்திரில லைன்ல நின்னாரு. சண்டே பாலிஷு. என்னிக்கிடா தூங்குவன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டதில்லயே."

"கேக்கலை."

"உங்க மேல அவருக்குக் கோவமே இல்லண்ணா. அவன் நல்லவன்டி, ஒரு நாள் சும்மா ஒக்காரணும்னு அவனுக்குத் தெரிது, நமக்குத் தெர்லன்னுவாரு."

ஆசீர் எழுந்தான்.

முன் மேசையில் காந்திமதி என்ற நர்ஸ் பெரிய பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பெயர்ப் பட்டை சட்டையில் குத்தியிருந்தது.

"பகலவன்னு காலைல ஒருத்தர் வந்தாரே. எப்படி அடிபட்டதுன்னு எழுதியிருக்கீங்க?"

"நீங்க யாரு?"

"கூட வேலை செய்யுதவன்."

"ரோடு ஆக்சிடென்ட். வேன் டிரைவர் சொன்னாரு. பார்த்தா ரோட்ல பட்ட மாதிரி இல்ல. ஆனா கூட வந்தவங்க சொல்றதைத்தான் எழுதணும். மூணு மணிக்கு போலீசுக்கு காப்பி போயிடும்."

"ரோட்ல இல்ல. பிரஸ்ஸுல."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல."

"அப்ப அங்க இருந்தீங்களா?"

"இல்ல. நான் அங்க இல்லங்கிறதுதான் விஷயம்."

அவன் கார்டை மேசையில் வைத்தான். அவள் படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஓரத்தில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"எழுதினதை அடிக்க முடியாது" என்றாள். "நீங்க தனியா ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சேர்த்து அனுப்புறேன். டாக்டர் வெளிய வந்ததும் அவர்கிட்டயும் காட்டுறேன். பேனா இருக்கா?"

"இல்ல."

அவள் தன் பேனாவைக் கொடுத்தாள். அவன் மேசையின் மூலையில் வேதத்தை வைத்து அதன்மேல் தாளை வைத்தான். பிறகு வேதத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மேசையிலேயே எழுதினான்.

சனிக்கிழமை அவன் எழுதுவது இதுதான் முதல் முறை. தேதியைப் போட்டான். இன்று நான் வேலைக்குப் போகவில்லை என்று எழுதினான். என் பெயரில் போனவன் பகலவன். அவன் கை போனது நான்காம் நம்பர் பிரஸ்ஸில். இதை எட்டு மாதமாகச் செய்துவந்தோம். கேட்டது நான். கடைசி வரியை மறுபடி படித்தான். வழி சொன்னது பகலவன்தான். ஆனாலும் அதை மாற்றவில்லை. கையெழுத்துப் போட்டான்.

இரண்டு இருபத்தைந்துக்கு இராமச்சந்திரன் வந்தார். இப்போது ஹெல்மெட் கையில் இருந்தது. தலை முழுக்க வியர்வை. மேசையையும் தாளையும் கார்டையும் பார்த்தார். கார்டை எடுக்கக் கையை நீட்டினார். காந்திமதி அதன்மேல் பதிவேட்டை வைத்தாள்.

"பேஷன்ட் பொருள் சார். கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்கணும்."

அவர் ஆசீர் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணும் செய்யாதன்னு சொன்னேன். அது ஒண்ணுதான் சொன்னேன். எனக்கும் ரெண்டு பசங்க இருக்கு ஆசீர்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சா?"

இராமச்சந்திரன் பெஞ்சுப் பக்கம் போனார். சத்யப்பிரியாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் போனார். வெளியே மோட்டார் சைக்கிள் இரண்டு உதைக்குப் பிறகு கிளம்பியது.

கடிகாரத்தில் இரண்டரை ஆனது. ஒரகடத்தில் ஒரு ஷிஃப்ட் வெளியே வந்து இன்னொரு ஷிஃப்ட் உள்ளே போயிருக்கும். கம்ப்யூட்டரில் ஆசீர் இன்னும் உள்ளே இருந்தான். நான்காம் நம்பர் பிரஸ் முன்னால்.

மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் தியேட்டர் கதவு திறந்தது. பகலவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது கை தலையணை அளவுக்குக் கட்டியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மீசையில் எச்சில். சத்யப்பிரியா கூடவே நடந்தாள். வார்டில் கட்டிலை நிறுத்தியதும் முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள்.

"மயக்கம் தெளிய சாயங்காலம் ஆகும்" என்றாள் காந்திமதி. "எழுப்பாதீங்க."

சத்யப்பிரியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்டி தூங்கிப் பார்த்து எத்தினி நாளாச்சு" என்றாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் ஒன்று இருந்தது. அவள் அதை ஆசீர் பக்கம் தள்ளினாள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து அவன் நடந்து வந்ததை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவன் காலையும் செருப்பையும் பார்த்திருந்தாள்.

"ஒக்காருங்கண்ணா."

"இருக்கட்டும்" என்றான்.

சூரியன் மறைய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.